கைதி கேட்ட கோட்டு

ஏழாம் அத்தியாயம்

கைதானவன் சிகரெட்டுக் கேட்பான், வக்கீலைக் கேட்பான், நெஞ்சு கனத்தவன் பாதிரியாரைக் கேட்பதும் உண்டு. ஜெத்ரோ வெரில் கேட்டதோ ஊசியும் நூலும்.

"அதோட அவன் படகுத் தலைவரோட கோட்டு வேணுமாம் சார். கிழிஞ்சிருக்காம். தச்சுக் குடுக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுக் காவலறை வாசலில் நின்ற சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான்.

லெப்டினன்ட் கமாண்டர் ஆம்ப்ரோஸ் வார்லோ சிரிக்கவில்லை. போருக்கு முன்னர், மூழ்கிய கப்பல்கள் தாமாக மூழ்கினவா, மூழ்கடிக்கப்பட்டனவா என்று காப்பீட்டுக்காரர்களுக்காகத் துருவிப் பார்ப்பதே அவருடைய தொழில். இப்போது கடற்படைச் சீருடையில் அதையே செய்துகொண்டிருந்தார். அவருக்குக் கார் ஓட்டுவதற்கும் குறிப்பெடுப்பதற்கும் மகளிர் பிரிவிலிருந்து பெஸ்ஸி கெர்ரிட்ஜ் என்பவளை அமர்த்தியிருந்தனர். அமர்த்தியவர்கள் அவளுடைய வாயைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

"ஊசி குடுத்தா என்ன சார்? சாவித் துவாரத்துல நூல் மாதிரி நுழைஞ்சு போயிடுவானோ? ஆறடி ஆளு, தோள் மட்டுமே ஒரு கதவு அகலம்" என்றாள் பெஸ்ஸி.

"கெர்ரிட்ஜ், அவன் பதினோரு பேரைக் கொன்னதா ஒத்துக்கிட்டவன். இன்னைக்கு சாயங்கால ரயில்ல இராணுவ நீதிமன்றத்துக்குப் போகப்போறான். அவன் மனசுல இருக்கறது இன்னொருத்தர் கோட்டுக் கிழிசல். உனக்கு இது வேடிக்கையா இருக்கா?"

"எனக்கு எல்லாமே வேடிக்கையாத்தான் இருக்கும் சார். இல்லேன்னா இந்த ஊர்ல தூக்கம் வராது."

அது பொய்யன்று. ஸ்டோர்வெல் துறைமுகத்தில் மூன்று நாட்களாக எவருக்கும் சரியான உறக்கமில்லை.

நடந்தது இதுதான். டச்சுக் கரையோரம் வந்த எதிரிக் கப்பல் வரிசையைத் தாக்குவதற்காக நான்கு டார்பிடோப் படகுகள் சென்றன. மரத்தால் செய்யப்பட்ட, பெட்ரோல் எஞ்சின்களால் ஓடுகிற சிறு படகுகள் அவை. வேகம் ஒன்றே அவற்றுக்குக் கவசம். போகும்போது முதற்படகு மட்டுமே வழி பார்க்கும். மற்றவை அதன் நுரைத்தடத்தைப் பற்றிக்கொண்டு போகும். சண்டையில் வரிசை சிதறியது. அதற்குமேல் மூடுபனியும் சூழ்ந்தது. எம்.டி.பி. 868 என்ற படகின் திசைகாட்டி குண்டடி பட்டு நொறுங்கிவிட்டதால், தாயைத் தொடரும் கன்றுபோல அது எம்.டி.பி. 871-இன் பின்னால் வந்தது. 871-இன் தலைவர் மேற்கே செலுத்தும்படி ஆணையிட்டார். சுக்கானைப் பிடித்திருந்தவன் வெரில். ஆனால் படகோ வடமேற்கே விலகி, பிரிட்டிஷ் கடற்படையே விதைத்து வைத்திருந்த கண்ணிவெடிகளுக்குள் புகுந்துவிட்டது. முன்னால் சென்ற 871 தப்பியது. நம்பி வந்த 868 தப்பவில்லை, அதில் பதினோரு பேர் மாண்டனர்.

மறுநாளே வல்லுநர்கள் 871-இன் திசைகாட்டியைச் சோதித்தனர். மயிரிழையும் பிழையில்லை. தலைவரின் ஆணையும் சரியே. அதைக் கேட்டவர்கள் பலர் இருந்தனர். எனவே பிழை சுக்கானியின் கையில்தான் என்று முடிவாயிற்று. வெரிலும் ஆமென்று தலையசைத்துவிட்டான்.

"பிழை ஆளுகிட்டன்னா, ஆளை மாத்தினாப் போதும். படகுகிட்டன்னா?" என்றார் வார்லோ.

பொழுது சாயும் நேரத்தில் 871 மறுபடியும் கடலுக்குப் போகவிருந்தது. வேறொரு சுக்கானியோடு, பழைய திசைகாட்டியோடு.

காவலறைக்குள் வெரில் இரும்புக் கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருந்தான். ஐம்பதை எட்டிய முகம். யார்க்ஷயர்க் கரையோர மீனவன். உப்புக் காற்று உழுதுவிட்ட தோல். அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உட்காருப்பா. எத்தனை வருஷமாக் கடல்ல இருக்கே?" என்று வார்லோ தொடங்கினார்.

"நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து சார்."

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை திசை தப்பியிருக்கே?"

"இதான் முதல்." பிறகு தானாகவே சேர்த்துக்கொண்டான்: "என் கைதான் சார் தப்பு. எழுதிக்குங்க. இதுல பேச ஒண்ணுமில்ல."

"பேசலாம். உங்க தலைவர் கோட்டுல எங்க கிழிசல்?"

வெரிலின் கண்கள் ஒரு கணம் உயிர்பெற்றன. "அடி ஓரம் சார். பின்பக்கம், இடது. தையல் விட்டிருக்கு. குடுத்தீங்கன்னா ஒரு நிமிஷம். அவர் இன்னைக்குக் கடலுக்குப் போறாரு பாருங்க, குளிர்ல..."

தன் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கும்போது இன்னொருவருடைய கோட்டில் கிழிந்தது இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை இவ்வளவு துல்லியமாக ஒருவன் நினைவு வைத்திருப்பானா என்று பெஸ்ஸி வியந்தாள். அவனுக்கென்று உணவகத்திலிருந்து வாங்கி வந்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"முதல்ல சாப்பிடுங்க. நடுவுல வச்சிருக்கறது நல்ல பன்னிக்கறி. அதிகாரிங்க சாப்பாட்டு மேசையிலேருந்து கடத்திட்டு வந்தேன்."

வெரிலின் வலக்கை பொட்டலத்தை வாங்கியது. இடக்கை, அவனையும் அறியாமல் சரேலெனத் தாழ்ந்து, கட்டிலின் இரும்புக் காலை இறுகப் பற்றிக்கொண்டது. பற்றிய பிறகுதான் அவன் அதை உணர்ந்தான். காது நுனி வரையில் சிவந்து, கையை எடுத்துக்கொண்டான்.

வார்லோ அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

"கெர்ரிட்ஜ், உங்கப்பா ஹல் துறைமுகத்துல கறிக்கடை வச்சிருந்தாருன்னு சொன்னியே."

"இன்னும் வச்சிருக்காரு சார். நீங்க கேக்கப்போறது தெரியுது. மீன்காரங்க யாரும் அந்த மிருகத்தோட பேரைச் சொல்ல மாட்டாங்க. சொன்னாக் கடல் பழி வாங்கிடுமாம். 'அந்த ஆள்ல ஒரு பவுண்டு குடுங்க'ன்னு கை காட்டுவாங்க. ஒரு தடவை எங்கப்பா வேணும்னே கடை நடுவுல நின்னு பேரை உரக்கச் சொன்னாரு. அத்தனை பேரும் பாஞ்சு வந்து தராசுச் சங்கிலியப் பிடிச்சுட்டாங்க. அந்தத் தராசு இன்னைக்கு வரைக்கும் நேரா நிக்கல. எங்கப்பாவும் அதைச் சரிபண்ண அவசரப்படல."

"ஏன் சங்கிலி?"

"இரும்பு சார். பேரைக் கேட்டாப் பச்சை இரும்பைத் தொட்டுடணும். அப்பப் பழி போயிடும். படகுலன்னா நங்கூரம், ஆணி, எதையாவது தொடுவாங்க."

வார்லோ நடப்பதை நிறுத்தினார். "டார்பிடோப் படகோட சுக்கான் மேடையில எதைத் தொடுவாங்க?"

பெஸ்ஸி அந்த மேடையை மனத்தில் கொண்டுவந்து பார்த்தாள். சுக்கான் மேடையில் எல்லாமே மரமும் பித்தளையும் அலுமினியமுமாகத்தான் இருக்கும். திசைகாட்டியின் முள் தடுமாறக்கூடாது என்பதற்காக, கைக்கெட்டும் தொலைவில் ஓர் இரும்பு ஆணிகூட இல்லாமல் கட்டியிருப்பார்கள்.

"ஒண்ணுமில்ல சார். பாவம், தொட அங்க ஒண்ணுமே இல்ல."

"அந்த மேடையில யாராவது அந்த வார்த்தையைச் சொல்றாங்களான்னு தெரியணும். வா."

மேடையில் எப்போதும் நிற்பவர்கள் மூவரே: தலைவர், சுக்கானி, விளக்குச் சைகைக்காரன். அந்தச் சைகைக்காரன் ஓவன் ஃபிரித், தொடையில் குண்டுச் சில் பாய்ந்து துறைமுக மருத்துவக் கூடத்தில் கிடந்தான். பர்மிங்காம் நகரத்து இளைஞன். முகம் இன்னும் வெளுத்தே இருந்தது.

"உங்க தலைவர் ஆஷ்கம் எப்படிப்பட்டவரு?" என்று வார்லோ வினவினார்.

"எங்க பெரியவரா? தங்கம் சார்." இருபத்துமூன்று வயது இளைஞராயினும் படகின் தலைவர் என்றால் அவர் பெரியவர்தான், கடற்படையில் அப்படித்தான் வழக்கு. "வக்கீலுக்குப் படிச்சவரு. பயந்த நேரத்துல சிரிப்பு காட்டுவாரு."

"எப்படி?"

"துறைமுகம் தாண்டும்போது கடலைப் பார்த்து, 'இன்னைக்குப் பன்னி மாதிரி உறுமுது பாரு'ம்பாரு. எஞ்சின் முக்கினாலும் அதையே சொல்லுவாரு. மீன்காரப் பசங்க கடுகடுப்பாங்க. அவருக்கு அதைப் பார்க்க இன்னும் சிரிப்பு. வேண்டாம்னு வெரிலண்ணன் ஒரு தடவை பணிவாச் சொன்னாரு. அன்னைக்கு ரெண்டு தடவை கூடுதலாச் சொன்னாரு பெரியவர்."

"வெரிலுக்குக் கோபமா?"

"முன்னெல்லாம் முகம் செத்துப் போகும் சார். ஆனா ஒரு மாசமா விசித்திரம். பெரியவர் அந்த வார்த்தையச் சொல்லுவாரு. வெரிலண்ணன் அவர் கோட்டைப் பார்ப்பாரு. பார்த்துட்டு, வெத்தலை போட்ட பூனை மாதிரி தனக்குள்ளேயே சிரிச்சுக்குவாரு."

"பூனை எங்கப்பா வெத்தலை போட்டுச்சு? பர்மிங்காம்லயா?" என்றாள் பெஸ்ஸி.

ஃபிரித் சிரிக்க முயன்று, தொடையைப் பிடித்துக்கொண்டான்.

வார்லோ கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "நீ அடிபட்டு விழுந்தப்ப என்ன நடந்துச்சு? நினைவிருக்கறத மட்டும் சொல்லு."

"ரொம்பக் குளிரிச்சு சார். ரத்தம் போயிட்டிருந்தது. கீழ இறக்க வழியில்ல. அங்கேயும் அடிபட்டவங்க கிடந்தாங்க. மேடையில காத்து அடிக்காத இடம் காம்பஸ் பீடத்தோட அடிவாரம் ஒண்ணுதான். பெரியவர் என்ன அங்க இழுத்துச் சாய்ச்சு வச்சாரு. தன்னோட கோட்டைக் கழட்டிப் போத்தி, ஓரத்தை எனக்கு அடியில சொருகினாரு. வீடு வர்ற வரைக்கும் அவரு வெறும் சட்டையோட நின்னாரு சார். அந்தக் கோட்டு மட்டும் இல்லேன்னா நான் கரை வந்திருக்க மாட்டேன்னு டாக்டர் சொன்னாரு."

பெஸ்ஸியின் பென்சில் நின்றுவிட்டது. அவள் வார்லோவைப் பார்த்தாள். அவர் முகம், படித்துக்கொண்டிருந்த கடிதத்தில் இறந்தவன் பெயரைக் கண்டவர் முகம்போல இருந்தது.

"அந்தக் கோட்டு இப்ப எங்க?"

"ரத்தக்கறையாப் போச்சுன்னு அன்னைக்கே சலவைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அதாவது வல்லுநர்கள் திசைகாட்டியைச் சோதித்த நாளில் கோட்டு படகில் இல்லை.

சலவைக் கூடத்தில் நீராவியின் நடுவே ஆட்சி செலுத்திக்கொண்டிருந்தவள் திருமதி டப்ளிங் என்னும் பருத்த அம்மையார். கோட்டு என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குப் பொறி பறந்தது.

"நல்லா கேட்டீங்க. அது கோட்டா? துணி பிழியற உருளையில விட்டேன், மடார்னு ஒரு சத்தம். உருளையில பள்ளம் விழுந்துடுச்சு. அடி ஓரத்துல என்னமோ வச்சுத் தச்சிருக்கு. கல்லறைக் கல்லா?"

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பிரிக்கற மாதிரித் தையலா அது? மீன்வலை முடிச்சு சார், ஒண்ணுமேல ஒண்ணு. பாதி விட்டுப் போச்சு, மீதி பல்லால கடிச்சாலும் வராது. ஏதோ பாரம்னு நினைச்சேன், காத்துல பறக்காம இருக்க. இன்னைக்கு மத்தியானம்தான் 871-லேருந்து ஆள் வந்து வாங்கிட்டுப் போனான்."

"மிக்க நன்றி அம்மா" என்று வார்லோ திரும்பினார்.

"என் உருளைக்கு யாரு பொறுப்பு?"

"ஹிட்லர்னு எழுதி வைங்க" என்று சொல்லிக்கொண்டே பெஸ்ஸி காருக்கு ஓடினாள்.

மேற்கு வானத்தில் வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவர்கள் நேரே துறைக்குச் செல்லவில்லை. வழியில் காவலறைக்குச் சென்று, விசாரணைக்குத் தேவை என்று கையெழுத்திட்டு வெரிலைக் காரில் ஏற்றிக்கொண்டனர். ரயில் நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று எண்ணிய வெரில், கார் துறைப்பக்கம் திரும்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"கோட்டைப் பார்க்கத்தான் போறோம்" என்றார் வார்லோ. "அதுல இரும்பு வச்சுத் தச்சது நீதானே?"



"அந்த வார்த்தைய நிறுத்தச் சொன்னா நிறுத்த மாட்டேங்கறாரு சார்" என்று வெரில் சொன்னான். "இரும்பைத் தொடுங்கன்னாலும் கேலி. பக்கத்துப் படகுங்க ஒண்ணொண்ணா மூழ்கிப் போகுது. பசங்க பயந்துட்டாங்க. சரி, அவரு இரும்பைத் தொட மாட்டார்னா, இரும்பு அவரைத் தொட்டுக்கிட்டு இருக்கட்டும்னு தச்சேன். எங்கப்பா படகோட அடிக்கட்டையில அடிச்சிருந்த பட்டையிலேருந்து வெட்டின துண்டு."

"முள்ளு கெடும்னு தெரியாதா? உனக்கா?"

"தெரியாம என்ன சார்? அவரு எப்பவும் நிக்கறது வலது கோடி மூலை. கோட்டை அங்க தொங்கவிட்டு முள்ளைப் பார்த்தேன். அசையல. கடல்லயும் பார்த்தேன், ஒவ்வொரு பயணத்துலயும் பார்த்தேன். அங்கேருந்து அது ஒண்ணும் செய்யாது." அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "அன்னைக்குப் பையன் என் காலடியில கிடந்தான். நான் முள்ளைத் தவிர எதையும் பார்க்கல. மூடுபனியில அப்படித்தான் ஓட்டணும். பின்னாடி வெடிச்சப்பதான் குனிஞ்சேன். கோட்டு ஓரம் காம்பஸுக்கு அடியில சொருகியிருந்தது."

"அதை ஏன் சொல்லல?"

"சொன்னா, கோட்டு எப்படி அங்க வந்துச்சுன்னு கேப்பீங்க. அடிபட்டவனைப் போத்தினாரு சார். மனுஷன் செய்யற காரியம். அதுக்கா அவரு சாகற வரைக்கும் பதினோரு முகத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும்? 868-ல தலைவரா இருந்தவரு அவரோட கூடப் படிச்சவரு. நான் கிழவன். என் முதுகு அகலம், தாங்கும்."

"அதுக்காக அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு அவரு இன்னைக்குப் போகட்டும்னு விட்டீங்களா?" என்று பெஸ்ஸி முன்னிருக்கையிலிருந்து கேட்டாள். அவளுடைய குரலில் கேலி இல்லை.

"விடலையே பொண்ணே. ஊசி கேட்டேனே. கோட்டை என் கையில குடுத்திருந்தா, எடுத்துட்டு, சத்தமில்லாம ரயிலேறியிருப்பேன்."

"தைக்கறேன்னு பிரிக்கறதுக்கு" என்று மெல்லச் சொன்னார் வார்லோ. "வெரில், அவர்கிட்ட நான் கோட்டை மட்டும் வாங்கப் பார்க்கறேன். அதுக்கு மேல வாக்குக் குடுக்க மாட்டேன்."

துறைமேடையில் எஞ்சின்கள் உறுமிக்கொண்டிருந்தன. பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. 871-இன் சுக்கான் மேடையில், தலையுறை வைத்த கம்பளிக் கோட்டுக்குள் தோள்களைக் குறுக்கிக்கொண்டு லெப்டினன்ட் டெனிஸ் ஆஷ்கம் நின்றார். கலகலப்பானவர் என்று ஃபிரித் வருணித்தவரா இவர் என்று பெஸ்ஸிக்கு ஐயம் தோன்றியது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பேசாமல் நின்றார். பக்கத்தில் புதிய சுக்கானி சக்கரத்தைப் பிடித்து வழி பழகிக்கொண்டிருந்தான்.

துறைமேடையில் வெரிலைக் கண்டதும் ஆஷ்கமின் முகம் கல்லாயிற்று.

"அந்த ஆளை எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"அவர் இருக்கட்டும். உங்க கோட்டு எனக்கு வேணும்" என்று சொல்லிக்கொண்டே வார்லோ மேடையேறினார். "சலவைக்காரம்மா தவறுதலா..."

"கடலுக்குப் போற நேரத்துல கோட்டைக் கேக்கறீங்க. சலவைக்காரம்மா கதை சொல்றீங்க." ஆஷ்கம் அவரை ஊன்றிப் பார்த்தார். "நான் சட்டம் படிச்சவன் சார். சாட்சியை மறைக்கறவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

வார்லோ பெருமூச்செறிந்தார். பொய் சொல்லக் கற்றுக்கொள்ளாத துப்பறிவாளர் என்று அவரைப் பெஸ்ஸி பலமுறை கிண்டல் செய்திருக்கிறாள்.

"கோட்டைக் கழட்டி அந்தப் பீடத்துக்கு அடியில வைங்க" என்றார் வார்லோ. "வச்சுட்டு முள்ளைப் பாருங்க."

ஆஷ்கம் அவ்வாறே செய்தார். இடப்பக்க ஓரம் பீடத்தின் அடியைத் தொட்டவுடன், அதுவரை அசைவற்றிருந்த முள் சிலிர்த்தது, மெல்ல நகர்ந்தது, தன் இடத்தைவிட்டு வெகுதூரம் விலகிப் போய் நின்றது. புதிய சுக்கானி, பாம்பைக் கண்டவன்போலச் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டான்.

ஆஷ்கம் குனிந்து, பேனாக்கத்தியால் ஓரத்தைக் கிழித்தார். பாய்த்துணியில் சுற்றிய இரும்புத் துண்டொன்று அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"இதை யார் வச்சது?"

"நான்தான் சார்" என்று துறைமேடையிலிருந்து வெரில் சொன்னான்.

ஆஷ்கம் ஒரே தாவலில் கீழே இறங்கி, இரும்பைப் பற்றிய கையை ஓங்கியபடி அவன்முன் போய் நின்றார். "எதிரிகிட்ட எவ்வளவு வாங்கினே? சொல்லு. எதுக்காக..."

"உங்களுக்காக" என்றாள் பெஸ்ஸி. சொல்லிவிட்ட பிறகு வார்லோவின் முகத்தைப் பார்த்தாள், அவர் தடுக்கவில்லை. "நீங்க சொல்ற வார்த்தைக்கு, சார். கடல் உங்களை ஒண்ணும் பண்ணிடக்கூடாதுன்னு. நீங்க நிக்கற மூலையில இது யாரையும் ஒண்ணும் செய்யல."

"நான் நிக்கற மூலையில" என்று ஆஷ்கம் திருப்பிச் சொன்னார். ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது. அவர் தலையைத் திருப்பி, தாம் விட்டுவந்த மேடையைப் பார்த்தார். திசைகாட்டிப் பீடத்தின் அடியில், எத்தனை முறை தேய்த்தும் போகாத ஃபிரித்தின் இரத்தக்கறை கருத்துக் கிடந்தது. அதன்மேலேயே கோட்டும் கிடந்தது.

சட்டம் படித்தவருக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கை தானாகத் தாழ்ந்தது.

"அங்க கொண்டு போய் வச்சது நான்" என்றார்.

"கோட்டு வச்சது நீங்க. இரும்பு வச்சது நான்" என்றான் வெரில். "அந்தப் பையன் பொழைச்சுட்டான் சார். அதை மறந்துடாதீங்க. அதுக்காகத்தான் நான் வாயத் திறக்கல."

"மூணு நாளா உன்னைத் தூக்குல போடணும்னு நினைச்சுட்டு இருந்தேன் வெரில்."

"தெரியும் சார். நினைக்கறதுக்கு யாராவது ஒரு ஆள் வேணுமில்ல."

முன்வரிசைப் படகிலிருந்து விளக்குச் சைகை மின்னியது: கயிறுகளை அவிழ்க்க. ஆஷ்கம் அதைப் பார்த்தும் அசையவில்லை. அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

"பதினோரு பேரு" என்றார், மற்ற எவருக்கும் கேட்காத குரலில். "இதை எப்படிப் பங்கு போட்டுக்கறது?"

வெரில் சற்று எண்ணிப் பார்த்தான்.

"பங்கு வேண்டாம் சார். ஆளுக்கு முழுசாவே எடுத்துக்குவோம்."

ஆஷ்கம் அவனை நெடிது நோக்கினார். பின்னர் இரும்புத் துண்டை வார்லோவின் கையில் வைத்தார், கோட்டை எடுத்துவந்து பெஸ்ஸியின் தோளில் போட்டார், படகை நோக்கித் திரும்பி, தலைவருக்குரிய குரலில் சொன்னார்: "சுக்கானியோட இடத்தை விடப்பா. சுக்கானி வந்துட்டாரு."

வெரில் வார்லோவைப் பார்த்தான். வார்லோ தம் காலணி நுனியை ஆராயத் தொடங்கிவிட்டார். பிறகு அந்தப் பெரிய உருவம் மெல்ல மேடையேறி, சக்கரத்தின்மேல் கை வைத்தது. அவன் முதலில் செய்த வேலை, குனிந்து தன் காலடியைச் சுற்றிப் பார்த்ததுதான். அதன்பிறகே முள்ளைப் பார்த்தான்.

கயிறுகள் அவிழ்ந்தன. 871 துறையைவிட்டு விலகி, மற்றப் படகுகளின் பின்னால் சாம்பல்நிறக் கடலுக்குள் சென்றது. கோட்டில்லாமல் நின்ற தலைவரின் வெண்ணிறக் கம்பளிச் சட்டை சிறிது நேரம் தெரிந்தது.

"கைதியை விடுவிக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கா சார்?" என்று பெஸ்ஸி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு அவங்க திரும்பி வந்தா, வெரில் நீதிமன்றத்துல உண்மையைச் சொல்லுவான். ஆஷ்கமும் சொல்லுவாரு. எனக்கு வேலை போகலாம்."

"வரலைன்னா?"

வார்லோ உள்ளங்கையில் கிடந்த இரும்பின் கனத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வரலைன்னா, எதிரி கொன்னதா இருக்கும் கெர்ரிட்ஜ். நாம கொன்னதா இருக்காது. அந்த மட்டுக்கும் வேலை முடிஞ்சுது. காரை எடு."